வானம் தெரியும் சுரங்கம்

மெட்ரோ என்ற சொல்லில் 'மண்ணுக்கு அடியில்' என்ற பொருளே கிடையாது. 1863 ஜனவரியில் லண்டனில் ஓடத் தொடங்கிய உலகின் முதல் நிலத்தடி ரயிலை நடத்திய கம்பெனியின் பெயர் மெட்ரோபாலிட்டன் ரயில்வே. அதாவது மாநகர ரயில். மெட்ரோபோலிஸ் என்றால் கிரேக்கத்தில் தாய்நகரம். 1900இல் பாரிஸ்காரர்கள் தங்கள் ரயிலுக்கும் அதே பெயரை வைத்து, பேச்சில் பாதியாக வெட்டினார்கள். நகரம் போய்த் தாய் மட்டும் மிச்சம். உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பாதிதான்.

சென்னையில் 2015 ஜூனில் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே ஓடிய முதல் மெட்ரோ முழுக்கப் பாலத்தின் மேலேதான் போனது. மண்ணுக்குள் இறங்கியது 2017 மே மாதம், திருமங்கலம் – நேரு பூங்கா பாதையில். ரெண்டுக்கும் ஒரே பேர், யாரும் குழம்பவில்லை. நியூயார்க்கில் நிலத்தடி ரயிலைக் குறிக்கும் சப்வே, நம் ஊரில் தண்டவாளத்துக்குக் கீழே போகும் சாலை. மழை வந்தால் "சப்வேல தண்ணி நிக்குது, சுத்திப் போ" என்கிறோம்.

மிச்சமிருப்பது சுரங்கம். இந்தச் சொல் சமஸ்கிருதம் வழியாக வந்தது. அதன் வேரும் கிரேக்கம்தான், குழலைக் குறிக்கும் சிரிங்ஸ் என்கிறார்கள் சில அறிஞர்கள். செய்தித்தாள் 'மெட்ரோ சுரங்கப்பாதை' என்று எழுதும். ஆனால் "சுரங்க ரயில்ல வந்தேன்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் அதைச் சொல்வது இன்னும் கஷ்டம். ரயில் எங்களுக்குப் புதுசில்லை; நாகப்பட்டினத்திலிருந்து 1861இலேயே வந்துவிட்டது, லண்டன் நிலத்தடி ரயிலுக்கும் முன்னால். ஆனால் சுரங்கம் என்றால் இங்கே ரெண்டே அர்த்தம். ஒன்று, அரண்மனையிலிருந்து ராஜா தப்பிப்போன வழி என்று சின்ன வயதில் கேட்ட கதை. இன்னொன்று நெய்வேலி. 1957இல் வெட்டத் தொடங்கிய அந்தச் சுரங்கத்தில் குகையே இல்லை. மேல்மண்ணை மொத்தமாக வாரி எடுத்த பள்ளம் அது. அடியில் நின்றாலும் தலைக்கு மேல் வானம் தெரியும். பாதைக்கான சுரங்கம் மேலே இருக்கும் ஊரை விட்டுவைக்கும். இது வயலையே எடுத்துவிடும்.

அதனால்தான் 2023இல் ஒரத்தநாட்டுப் பக்கம் வடசேரி உள்ளிட்ட மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது, அந்த ஒரு சொல்லே டெல்டாவைக் கலங்கடித்தது. 2020இலேயே இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்திருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு ஏப்ரலில் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஏலம் நின்றது. ஆனால் இன்றைக்கும் எங்கள் பக்கம் டீக்கடையில் "சுரங்கம் வருதாம்" என்று யாராவது சொன்னால், எங்கே ஸ்டேஷன் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.