கப்பலும் வேர்க்கும், நெல்லும் வேர்க்கும்

பொட்டி தட்டுற பயலுக்கு நெல்லைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேக்கலாம். பெருசா ஒண்ணும் தெரியாதுதான். ஆனா போன தை மாசம் திருப்பனந்தாள் போயிருந்தப்ப, தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நெல் குவியலுக்குள்ள கையை விட்டுப் பார்க்கச் சொன்னார் அப்பா. உள்ளே கொதிக்குது! மெஷின் அறுத்துக் கொட்டி மூணே நாள். மழைக்குப் பயந்து மூடினது. மூடினதாலயே சூடேறி, நெல் பழுப்படிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. திறந்தா மழை, மூடினா புழுக்கம். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

தேடினது நெல்லை. போய் நின்னது கப்பல்ல :-)

விஷயம் இதுதான். ஈர நெல் உயிரோட இருக்கு, மூச்சு விடுது. அந்த மூச்சுல சூடும் ஈரமும் வெளியே வரும். சூடு ஏற ஏற மூச்சும் வேகமாகும், கூடவே பூஞ்சையும் சேர்ந்துக்கும். காத்து போகாத எந்த இடத்துலயும் இதே கதைதான். மரக்கப்பலோட அடியறையும் அப்படி ஒரு இடம். அங்க தானியம் கெட்டுச்சு, பலகை மக்குச்சு, ஆளுங்க நோயில விழுந்தாங்க.

இதுக்கு வழி கண்டவர் ஸ்டீபன் ஹேல்ஸ்ங்கற இங்கிலாந்து பாதிரியார். கொல்லன் துருத்தி மாதிரி, ஆனா பெட்டி வடிவத்துல ஒரு காத்தடிக்கும் கருவி செஞ்சு 1741ல ராயல் சொசைட்டிக்குச் சொன்னார். 1743ல புத்தகமாவும் போட்டார். கப்பல், சிறை, ஆஸ்பத்திரி, தானியக் கிடங்கு எல்லாத்துக்கும் ஆகும்னார். அடிமைகளை ஏத்திப்போன கப்பல்லயும் இதை வச்சாங்கங்கறது மனசை உறுத்துற சேதி.

பிரான்ஸ்ல துஹாமெல் துய் மோன்சோன்னு ஒருத்தர், கடற்படை அதிகாரி. 1753ல தானியம் காப்பது பத்தியும், 1759ல கப்பல் ஆளுங்க உடம்பைக் காப்பது பத்தியும் எழுதினார். ரெண்டும் ஒரே பிரச்சினைன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு. தானியத்தை முதல்ல சூட்டுல உலர்த்தணும், அப்புறம் பெட்டியில போட்டு அடியிலேர்ந்து துருத்தியால காத்து அடிக்கணும்ங்கறது அவர் முறை.

நம்ம பக்கம் வருவோம். 1942ல ஜப்பான் பிடிக்கிற வரைக்கும் பர்மா அரிசி நமக்கும் இலங்கைக்கும் கப்பல் கப்பலா வந்துச்சு. அரிசிக் கப்பல்ல மூட்டைகளுக்கு நடுவே மரச்சட்டத்துல செஞ்ச காத்துக் குழாய்களை நெட்டுக்கும் குறுக்குக்கும் வச்சு அடுக்குவாங்க. உள்ளே இருக்குற வெக்கைக் காத்து குளிர்ந்த இரும்புல பட்டு, நீராகி மூட்டை மேல சொட்டும். இதுக்குப் பேரே கப்பல் வேர்வை. ஆனா எப்பவும் திறந்து வைக்கறதும் தப்பு. வெளிக்காத்துல ஈரம் அதிகம்னா மூடித்தான் வைக்கணும்.

இங்கதான் எனக்குக் குழப்பம் வந்துச்சு. பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறைக் கோயில்ல ஒரு செங்கல் நெற்களஞ்சியம் இருக்கு. ரகுநாத நாயக்கர் காலத்தது (1600-1634), 3000 கலம் கொள்ளும்பாங்க. காத்துக் குழாயும் இல்லை, துருத்தியும் இல்லை. வீட்டுக் குதிரும் அப்படித்தான். மேல கொட்டி, வாயை மண்ணும் சாணியும் வச்சுப் பூசிடுவாங்க. அப்ப நம்மாளுங்க தப்பு பண்ணாங்களா?

அப்பாயிகிட்ட கேட்டேன். "காயாத நெல்லை எவண்டா குதிர்ல போடுவான்? பல்லுல வச்சா கடக்குன்னு உடையணும்"னு ஒரே போடு. அவ்வளவுதான் விடை! காஞ்ச நெல் மெதுவாத்தான் மூச்சு விடும், அதை மூடி வச்சா பூச்சிக்குத்தான் காத்து பத்தாது. ஈர நெல்லுக்குத்தான் காத்து வேணும்.

இப்ப நடுவுல இருந்த களம்தான் காணாம போச்சு. மெஷின் அறுத்த நெல் நேரா குவியலாகுது. கொள்முதல்ல ஈரப்பத வரம்பு 17 சதவீதம். பிப்ரவரி 2023ல பருவம் தவறின மழைக்கப்புறம் டெல்டாவுக்கு 20 வரைக்கும் தளர்த்தினாங்க. விவசாயிக்கு அது பெரிய உதவிதான், மறுக்கலை. ஆனா நெல்லுக்கு அந்த உத்தரவு தெரியாதே. பல மாசம் இருப்பு வைக்க 14 சதவீதத்துக்குக் கீழே காஞ்சிருக்கணும்.

மறுநாள் வெயில் வந்ததும் ரோட்டோரம் பரப்பிக் கிளறினோம். ஆறு மூட்டை போச்சு, மத்தது தேறுச்சு. வர்ற தைக்கு குவியலுக்குள்ள சொருக மூங்கில் கூண்டு நாலு பின்னித் தர்றேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன், அந்த அரிசிக் கப்பல் மாதிரி. சூடு குறையும், ஆனா நெல்லை அது காய வைக்காது. "அதுக்கு ஒரு களம் வாங்கிக் குடு"ங்கறார் அப்பா.

உங்க வீட்டுல பத்தாயமோ குதிரோ இன்னும் இருந்தா, எப்படி மூடுவாங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க.