சேதுக் கரையின் பாடுகள்

வாலிநோக்கம் குடாவுக்கு எதிரே மன்னார் வளைகுடா. முதுகுப் பக்கம் மாரியூர் வரை உப்பளம். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு உப்புக் கழகத்தின் பாத்திகள் அங்கே வெயிலில் கண்ணைக் கூச வைக்கின்றன. ஊர் பெரும்பாலும் இஸ்லாமியர் ஊர். மேற்கே போனால் யாகப்பர் கோவிலுக்குப் பேர்பெற்ற மூக்கையூர். அது கிறிஸ்தவ மீனவர் ஊர். கிழக்கே ஏர்வாடி தர்கா, கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை. அதைத் தாண்டினால் மண்டபம், பாம்பன், இராமேசுவரம். ஒரு நாள் பயணத்தில் மூன்று மதங்களின் பெரிய தலங்களையும் பார்த்துவிடலாம். உப்பங்காற்றும் வறட்சியும் மட்டும் எல்லாருக்கும் பொது.

இந்தக் கரைக்குக் கிறிஸ்தவம் வந்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. கடவுள் நல்லவர் என்றால் துன்பம் ஏன் என்ற கேள்விக்கு உலகெங்கும் இறையியலாளர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். சேதுக் கரையின் மீனவனும் கரிசல் விவசாயியும் அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்டார்கள்: இந்தத் துன்பத்தைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது, என்னோடு யார் நிற்பார்கள்? அதற்குக் கிடைத்த பதில்களைக் காலவரிசைப்படி அடுக்கினால் அதுவே இந்தக் கரையின் வரலாறாகிவிடும்.

முதல் அத்தியாயத்தில் பக்தியை விடக் கடல் கணக்கே அதிகம். முத்தும் சங்கும் எடுத்த பரதவர்களுக்கும் இஸ்லாமிய வணிகர்களுக்கும் நடந்த மோதல் 1530களில் முற்றியது. ஜோவா த குரூஸ் என்ற மலபார் வணிகர் ஒரு வழி சொன்னார்: கொச்சியிலிருக்கும் போர்ச்சுக்கீசியரிடம் போங்கள், அவர்கள் மதத்தில் சேருங்கள், கடலில் காவல் கிடைக்கும். பரதவத் தலைவர்கள் தூது போனார்கள். 1535க்கும் 1537க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்வார்கள். 1538இல் வேதாளைக் கரையில் மார்ட்டிம் அபோன்சோ த சூசாவின் போர்ச்சுக்கீசியப் படை, மரக்காயர்கள் தலைமையில் வந்த கோழிக்கோட்டுக் கப்பற்படையை முறியடித்தது. முத்துக்குளித்துறை போர்ச்சுக்கீசியர் கைக்குப் போனது. பரதவர்களுக்குப் பேச்சுப்படி காவல் கிடைத்துவிட்டது.

ஆறே ஆண்டுகளில் அந்தக் கணக்கு பிசகியது. 1544இல் தெலுங்கு பேசும் வடுகர் படை குமரிக் கரைக்குள் புகுந்தபோது புதுக் கிறிஸ்தவர்கள் வீடுவாசலை விட்டு ஓடிக் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறிக்கொண்டார்கள். தலைக்கு மேல் வெயில், சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது. பசியிலும் தாகத்திலும் பலர் செத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரைக்கு வந்திருந்த பிரான்சிஸ் சவேரியார், மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. கயிறு கட்டி இழுத்துப் பார்த்தும் தோணிகள் குமரி முனையை எட்ட முடியவில்லை. கடைசியில் தரைவழியாக நடந்தே போனார். காவலுக்கு என்று மதம் மாறியவர்களை அன்று போர்ச்சுக்கீசியப் பீரங்கி காக்கவில்லை. நடந்து வந்த ஒரு சாமியார்தான் கிடைத்தார்.

வேதாளையின் அடுத்த கதை இதைவிடக் கசப்பானது. இராமேசுவரத்துக்குப் போகும் பாதசாரிகள் வேதாளையைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே கோட்டை போட்டிருந்த போர்ச்சுக்கீசியத் தளபதி வழியை மறித்து அகழி வெட்டி, தீர்த்த யாத்திரை போகிறவர்களிடம் சுங்கம் கேட்டான். காசியிலிருந்து கால்நடையாக வருகிறவனை வழிமறித்துக் காசு கேட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. 1549இன் நடுவில் வடுகர் படை திரண்டு வந்தது. அப்போது அங்கிருந்தவர் அந்தோனியோ கிரிமினாலி. இத்தாலியின் பார்மா நகருக்குப் பக்கத்தில் சிஸ்ஸாவில் 1520இல் பிறந்த இயேசு சபைக் குரு. முத்துக்குளித்துறைக் குருக்களுக்குத் தலைவராகச் சவேரியாரே அவரை நியமித்திருந்தார். பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளில் ஏற்றிவிடுவதிலேயே அவர் நின்றார். நீங்களும் ஏறுங்கள் என்று கூப்பிட்டும் ஏறவில்லை. கரையிலேயே ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார். வயது 29.

இயேசு சபை தன் முதல் இரத்த சாட்சி என்று அவரைக் குறித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் படையை அழைத்தது யார்? சுங்கம் கேட்டவன் ஒருவன், உயிரைக் கொடுத்தவர் இன்னொருவர். தன் பக்கத்து ஆளின் பேராசை இழுத்துவந்த துன்பத்தில், அதற்குக் காரணமில்லாதவர்களைக் கரையேற்றிவிட்டுச் செத்தவர் கிரிமினாலி. வேதாளையின் கதையைச் சொல்லும்போது வடுகரின் ஈட்டியை நினைப்பவர்கள் அந்த அகழியையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

கிரிமினாலியின் இடத்துக்குக் குருக்கள் தேர்ந்தெடுத்தவர் என்றீக்கே என்றீக்கஸ். தமிழை முறையாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவர். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது அவரால்தான். அச்சுச் செலவுக்கு உதவியது பரதவர்களின் பணம். 1586இல் புனிதர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்த ‘அடியார் வரலாறு’ வந்தது. தமிழில் அச்சான தொடக்ககாலப் பெரிய நூல்களில் ஒன்று. அதில் வாளுக்கும் நெருப்புக்கும் இரையான பழைய ரோமாபுரிச் சாட்சிகளின் கதைகள் வருகின்றன. பாறையில் தாகத்தால் செத்த தாத்தனின் பேரன், வேதாளையில் படகேறித் தப்பித்த அம்மாவின் மகன், இவர்கள் அந்தக் கதைகளை உபதேசியார் வாயால் கேட்டிருப்பார்கள். தூரத்து நாட்டுக் கதையாக அது அவர்கள் காதில் விழுந்திருக்காது.

அடுத்த நூற்றாண்டில் கதை கடற்கரையிலிருந்து இராமநாதபுரத்தின் மறவர் சீமைக்குள் நுழைகிறது. கொண்டுவந்தவர் ஜான் டி பிரிட்டோ. 1647 மார்ச் 1இல் லிஸ்பனில் பிறந்து, போர்ச்சுக்கல் அரண்மனையில் இளவரசரோடு விளையாடி வளர்ந்தவர். சிறுவயதில் சாகக் கிடந்தபோது அம்மா சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள்; பிழைத்த பிள்ளை ஓராண்டு இயேசு சபை அங்கியோடு அரண்மனையில் திரிந்தான். அந்த நேர்ச்சைதான் அவரை இங்கே இழுத்து வந்தது என்றுகூடச் சொல்லலாம். 1673இல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் சேர்ந்து, காவி கட்டி, மரக்கட்டைச் செருப்புப் போட்டு, புலால் விட்டுப் பண்டாரச் சாமியாராக அலைந்தார். ஊர் அவரை அருளானந்தர் என்றது.

அப்போது இராமநாதபுரத்தை ஆண்டவர் கிழவன் சேதுபதி என்ற ரகுநாத சேதுபதி. 1674 முதல் 1710 வரை ஆண்ட அவர் சாதாரண ஆள் இல்லை. தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றினார், மதுரை நாயக்கரின் பிடியிலிருந்து சீமையை விடுவித்தார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருக்கு நெருங்கிய நண்பர். 1686இல் அருளானந்தரும் உபதேசியார்களும் மறவர் சீமையில் பிடிபட்டுக் கட்டிவைத்து அடிக்கப்பட்டு, தண்ணீரில் முக்கி எடுக்கப்பட்டு, இராமநாதபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, சேதுபதி அவர் பேச்சைக் கேட்டுவிட்டு விடுதலை செய்தார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்பது மட்டும் உத்தரவு. அருளானந்தர் ஐரோப்பாவுக்குப் போனார். பழைய விளையாட்டுத் தோழர் இப்போது இரண்டாம் பேதுரு மன்னர். இங்கேயே இருந்துவிடும் என்று கேட்டுப் பார்த்தார். அருளானந்தர் இருக்கவில்லை. மறவர் சீமைக்கே திரும்பி வந்தார்.

மறுபடி வந்த வினை ஒரு கல்யாண விவகாரம். தடியத் தேவன் என்ற அரச குலத்தவர் நோயிலிருந்து குணமாகி, ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவிகள் இருந்தால் முடியாது, ஒருத்திதான் என்றார் குரு. தடியத் தேவன் மற்றவர்களுக்கு மானியம் கொடுத்து ஒதுக்கிவைத்துவிட்டு, 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். ஒதுக்கப்பட்டவர்களில் இளையவள் கடலை. சேதுபதிக்கு மருமகள் முறை. அவள் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனாள். கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் நியாயமான கோபம் அது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவளைக் கெட்டவளாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். சேதுபதிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. தடியத் தேவனுக்குச் சிம்மாசனத்தில் பாத்தியதை உண்டு, பின்னால் ஆட்களும் உண்டு. அப்படிப்பட்டவர் ஒரு பரதேசிச் சாமியாரின் பேச்சைக் கேட்டு அரச குடும்பத்துச் சம்பந்தத்தையே முறித்தால், நாளைக்கு என்ன நடக்குமோ?

அருளானந்தர் பிடிபட்டார். வெளியே நாடு கடத்தல் என்று பேச்சு. உள்ளே மரண உத்தரவு. பாம்பாற்றங்கரை ஓரியூருக்கு, சேதுபதியின் தம்பி உடையத் தேவனிடம் அனுப்பினார்கள். கரியைத் தண்ணீரில் குழைத்த மையில், வைக்கோல் துரும்பால், சிறையிலிருந்து தன் சபையினருக்கு அவர் எழுதிய கடிதத்தின் தேதி பிப்ரவரி 3. மறுநாள் தலை வெட்டப்பட்டது. கைகால்களையும் வெட்டி உடலைக் கழுமரத்தில் கட்டிவைத்தார்கள். 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை. அந்த வருடம் ஈஸ்டர் மார்ச் 22க்கே வந்துவிட்டதால் அன்றைக்கே விபூதிப் புதன். நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் நாள்.

ரோம் மெதுவாகத்தான் நடந்தது. 1853இல் முத்திப்பேறு பட்டம், 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டம். ஓரியூர் மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. இரத்தம் சிந்திய இடத்து மண் சிவந்தது என்று நம்பினார்கள்; செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள், நோய்க்காரன் நெற்றியில் பூசினார்கள், தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். இன்றும் எடுத்துப்போகிறார்கள். வருகிறவர்களில் கிறிஸ்தவரல்லாதவர் ஏராளம். கள்ளரும் மறவரும் உடையாரும் பள்ளரும் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். தலையை வெட்டிய சாதியும் வெட்டுப்பட்டவரைக் கும்பிடும் சாதியும் ஒன்றாகிப் போனது இந்த ஊரில்தான்.

அங்கே பார்க்கக் கிடைப்பது எந்த நாட்டார் கோவிலுக்கும் குறைந்ததில்லை. குழந்தைக்கு முடியெடுத்துச் சந்தனம் தடவுவார்கள், காது குத்துவார்கள். பிள்ளை வரம் கேட்பவர்கள் தென்னம்பிள்ளையை நேர்ந்துவிடுவார்கள். ஆடு நேர்ந்தவர்கள் கிடாயை இழுத்து வந்து கோவிலைச் சுற்றி, அறுத்து, அங்கேயே அடுப்புக் கூட்டிச் சமைப்பார்கள். புலால் தொடாமல் வாழ்ந்த பண்டாரச் சாமிக்குக் கிடாய் நேர்ச்சை! அதன் முறையைக் கவனித்தால் விஷயம் புரியும். சமைத்ததில் முதல் இலை ஏழைக்கு. அதற்கு அசனம் என்று பேர். பிச்சைக்காரர்களையும் முன்பின் தெரியாதவர்களையும் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டுத்தான் நேர்ந்தவர் குடும்பம் சாப்பிடும். பக்கத்து இலையில் யார், என்ன சாதி என்று அங்கே கேட்பதில்லை. ஊருக்குத் திரும்பினால் கேட்பார்கள். மறவர் சீமையின் கிறிஸ்தவ ஊர்களிலும் கோவிலுக்குள்ளும் கல்லறையிலும் சாதிச் சண்டை நடந்திருக்கிறது. ஓரியூர் அதைத் தீர்த்துவிடவில்லை. நோயும் மலடென்ற ஏச்சும் கடனும் கொண்டுவந்தவர்களை ஒரு நாள் ஒரே பந்தியில் உட்காரவைத்தது.

கடலின் துன்பத்துக்கு வெட்டியவனும் இல்லை, உத்தரவும் இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன், புயல் தனுஷ்கோடியைத் தூக்கியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலைக்குள் போனது. பாம்பன் பாலம் உடைந்தது. ரயில் நிலையம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் போய், ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது. பவளக்கல்லில் கட்டிய சர்ச்சின் சுவர்களும் பீடத்தின் இடமும் இன்னும் நிற்கின்றன. சுற்றுலாக்காரர்கள் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள். மீனவர்களோ அரசாங்கம் வேண்டாமென்ற அதே மணலில் ஓலைக் குடிசை போட்டு, ஊற்றுத் தோண்டி, கரைவலை இழுக்கத் திரும்பி வந்தார்கள்.

அந்தக் கடலுக்குள்தான் கச்சத்தீவு. நம்புதாளைச் சீனிக்குப்பன் படையாச்சி கட்டிய அந்தோணியார் கோவிலுக்கு இரண்டு கரை மீனவர்களும் மாசி, பங்குனி வாக்கில் போவார்கள். காணாமல் போன பொருளையும் கடலில் போன ஆளையும் தேடித் தருபவர் அந்தோணியார். 1974இல் தீவு இலங்கைக்குப் போனது. திருவிழாவுக்குப் போகும் உரிமை எழுத்தில் நின்றது. போர்க்காலத்தில் அதுவும் தடைப்பட்டு, போர் முடிந்த பிறகு மறுபடி துளிர்த்தது. பயணத்தை ஒருங்கிணைப்பவர் இராமேசுவரம் வேர்க்கோடு பங்குத்தந்தை.

2017 மார்ச் 6 இரவு கச்சத்தீவுப் பக்கம் மீன்பிடித்துக்கொண்டிருந்த தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். வயது 22. திருவிழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஊர் உடலை வாங்க மறுத்தது. தேவாலய வளாகத்தில் ஆண்களும் பெண்களும் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். மத்திய அமைச்சர்கள் நேரில் வந்து பேசிய பிறகே போராட்டம் முடிந்தது. அந்த ஆண்டு இராமேசுவரத்திலிருந்து திருவிழாவுக்குப் படகு போகவில்லை. 2024 பிப்ரவரியிலும் அதே முடிவு: பிடிபட்ட மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து விசைப்படகு மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். போகப் பேர் கொடுத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தோணியாருக்கு நேர்ந்ததை அடுத்த ஆண்டு செலுத்திக்கொள்ளலாம், சிறையில் இருக்கிறவனை இப்போதே கேட்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஆண்டு கச்சத்தீவில் கொடியேறியது, திருப்பலி நடந்தது, இலங்கைப் பக்கத்து மக்கள் வந்திருந்தார்கள்; இராமேசுவரம் படகுகள் மட்டும் கரையிலேயே கிடந்தன.