இங்கிலாந்தில் இறுதிக்காலப் பராமரிப்பு மின்பதிவேடுகளின் வரலாறு

குணமாக்க இயலாத நோயுடன் வாழ்வின் கடைசி மாதங்களில் இருப்பவரின் மருத்துவ விவரங்களையும் விருப்பங்களையும் ஓரிடத்தில் பதிந்து, அவருக்குச் சிகிச்சை தரும் அனைவரும் பார்க்கும்படி அமைத்த கணினிப் பதிவே இறுதிக்காலப் பராமரிப்பு மின்பதிவேடு ஆகும். இங்கிலாந்தில் இத்தகைய அமைப்புகளைச் சுருக்கமாக 'எப்பாக்ஸ்' என்பர். 2008-க்குப் பின் இவை அந்நாட்டில் பரவலாயின.

தேவை எழுந்த விதம்

சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியபின், இறக்கும் நிலையில் உள்ளவரின் வலியைத் தணிப்பது தனி மருத்துவத் துறையாக வளர்ந்தது. ஆனால் ஹாஸ்பிஸ்களில் இறப்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களைக் கவனிக்கும் பொறுப்பு குடும்ப மருத்துவரிடமும், வீடு தேடி வரும் செவிலியரிடமும் இருந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கெரி தாமஸ் என்ற மருத்துவர் உருவாக்கிய 'கோல்டு ஸ்டாண்டர்ட்ஸ் ஃபிரேம்வொர்க்' என்னும் முறை, இத்தகைய நோயாளிகளுக்கெனத் தனிப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுமாறு குடும்ப மருத்துவர்களைத் தூண்டியது. பட்டியல் நன்றாகவே இருந்தது. ஆனால் அது அந்த மருத்துவமனையின் அலமாரிக்குள் இருந்தது.

2004-இல் குடும்ப மருத்துவர்களுக்கான புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மாலை 6.30 முதல் காலை 8 மணி வரையும் வார இறுதியிலும் நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்து அவர்கள் விலகிக்கொள்ள இது இடமளித்தது. பெரும்பாலோர் விலகினர். ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாக, நோயாளியை முன்பின் அறியாத மருத்துவரே வரும் நிலை உண்டாயிற்று.

இதன் விளைவை ஓர் இரவைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். வீட்டில் இறக்க விரும்பும் புற்றுநோயாளிக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறுகிறது. பயந்துபோன குடும்பத்தினர் 999-ஐ அழைக்கின்றனர். ஆம்புலன்ஸ் பணியாளருக்கு அவர் யார், என்ன நோய், என்ன கேட்டிருந்தார் என்பது எதுவும் தெரியாது. இதயம் நின்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று மருத்துவர் எழுதிய படிவம் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது. படிவம் கையில் இல்லாதபோது முயலாமல் விடவும் அவரால் இயலாது. நோயாளி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தாம் விரும்பாத இடத்தில் இறக்கிறார். யாரும் தவறு செய்யவில்லை; செய்தி மட்டுமே வந்து சேரவில்லை.

2008 திட்டமும் முன்னோடி முயற்சிகளும்

2008 ஜூலையில் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை, இங்கிலாந்துக்கான இறுதிக்காலப் பராமரிப்புத் திட்டத்தை வெளியிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் பேர் இறக்கும் அந்நாட்டில் 58 விழுக்காட்டினர் மருத்துவமனைகளிலும், 18 விழுக்காட்டினர் மட்டுமே வீட்டிலும் இறப்பதாக அது கூறியது. பெரும்பாலோரின் விருப்பமோ இதற்கு நேர்மாறானது. வட்டாரந்தோறும் பொதுப் பதிவேடு வேண்டும் என்ற கருத்தை அத்திட்டம் முன்வைத்தது. 2009 முதல் 2011 வரை எட்டு இடங்களில் முன்னோடி முயற்சிகள் நடைபெற்றன.

அவற்றுள் அதிகம் பேசப்பட்டது இலண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையிலிருந்து 2010-இல் தொடங்கிய 'கோஆர்டினேட் மை கேர்' ஆகும். வலிதணிப்பு மருத்துவரான ஜூலியா ரைலி இதற்குத் தலைமை ஏற்றார். நோயாளியின் இசைவுடன் பதிவு உருவாக்கப்படும். குடும்ப மருத்துவர், இரவு மருத்துவச் சேவை, மருத்துவமனை, ஹாஸ்பிஸ், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை ஆகிய எல்லோரும் அதையே பார்ப்பர். பதிவுள்ள வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் ஆம்புலன்ஸ் அமைப்பின் கணினியில் குறியீடு தெரியும்.

பதிவில் எவை இடம்பெற வேண்டும் என்பதற்கான தேசியத் தகவல் தரம் 2012-இல் வெளியானது. நோயின் பெயர், பராமரிப்பவர், விரும்பும் இறப்பிடம், உயிர்ப்பித்தல் குறித்த முடிவு, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்பன அதில் அடங்கும். முன்னெச்சரிக்கையாக வீட்டில் வைத்த வலி மருந்துப் பெட்டி பற்றிய குறிப்பும் உண்டு. சிறிய விவரமாகத் தோன்றினாலும், நள்ளிரவில் வரும் செவிலியருக்கு மிகவும் பயன்படுவது இதுதான். மார்ஃபின் வீட்டிலேயே இருப்பது தெரிந்தால் நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதில்லை.

இதே காலத்தில் ஸ்காட்லாந்து வேறு வழியில் சென்றது. குடும்ப மருத்துவரின் கணினியிலிருந்தே சுருக்கம் தானாக வெளியே செல்லும் அமைப்பை அது வளர்த்து, 2013-இல் 'முக்கியத் தகவல் சுருக்கம்' என விரிவாக்கியது. மருத்துவர் ஒரே செய்தியை இருமுறை தட்டச்சு செய்ய வேண்டாம் என்பதால், இது நடைமுறைக்கு எளிது. இங்கிலாந்தின் பல வட்டாரங்களிலோ தனி மென்பொருள், தனிக் கடவுச்சொல் என்று இருந்ததால், வேலைப்பளு மிக்க மருத்துவர்கள் பதிவைத் தள்ளிப்போட்டனர்.

பயனும் ஐயங்களும்

'கோஆர்டினேட் மை கேர்' பதிவு பெற்று இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மருத்துவமனையில் இறந்ததாக அவ்வமைப்பின் கணக்குகள் காட்டின. நாட்டளவில் இது ஏறக்குறையப் பாதி. இவ்வேறுபாடு முழுவதையும் கணினியின் கணக்கில் எழுத முடியாது. பதிவுக்கு இசைந்தவர்கள் தம் மரணத்தைப் பற்றி முன்பே மருத்துவருடன் பேசத் துணிந்தவர்கள். அவர்களுக்குக் குடும்பத் துணையும் நல்ல செவிலியரும் வாய்த்திருக்கலாம்.

அந்தப் பேச்சு நடக்காமலே பதிவு நிரப்பப்படும் ஆபத்தும் இருந்தது. உயிர்ப்பிக்க வேண்டாம் என்ற முடிவை நோயாளியிடம் கலந்துபேசாமல் எடுப்பது, மிக விலக்கான சூழல் தவிர, சட்டத்துக்கு மாறானது என 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2020 கொரோனாக் காலத்தில் சிலருக்கு உரிய கலந்துரையாடலின்றி இம்முடிவு எழுதப்பட்டதாகப் புகார்கள் வந்தன. பராமரிப்புத் தர ஆணையம் விசாரித்து 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை அக்கவலையை உறுதிசெய்தது. தவறான முடிவு தாளில் இருந்தால் ஓர் அலமாரியோடு நிற்கும். பகிர்வுப் பதிவில் இருந்தால் எல்லா ஆம்புலன்ஸுக்கும் சென்றுசேரும். இசைவும் மறுபரிசீலனை நாளும் பதிவில் வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

2022-இல் 'கோஆர்டினேட் மை கேர்' முடிவுக்கு வந்தது. அதனிடத்தில் இலண்டன் முழுமைக்கும் 'யுனிவர்சல் கேர் பிளான்' நடைமுறைக்கு வந்தது. இது இறப்பை எதிர்நோக்குபவருக்கு மட்டும் உரியதன்று. அரிவாள் செல் நோயாளிக்குத் திடீர் வலி வந்தால் எந்த மருந்தை எவ்வளவு தர வேண்டும் என்ற குறிப்பும் இப்போது இதே பதிவில் வைக்கப்படுகிறது.