கேத்தலில் படியும் பொருக்கும் மில் பொயிலரும்: ஒரு சின்ன வரலாறு



கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலுக்குள் வெள்ளைப் பொருக்குப் படிவது நமக்குப் புதிதல்ல. தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சூட்டில் பிரிந்து படிவதுதான் அது. தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவிவிடுகிறோம். இதே பொருக்கு ஒரு பொயிலருக்குள் படிந்தால் கதை வேறு.

பொருக்கு இரும்பை விட மிகக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். அதனால் விறகும் உமியும் வீணாக எரியும். குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி, இளகி, வெடிக்கவும் கூடும். நீராவி இயந்திரம் வந்த நாளிலிருந்தே இது தொழிலாளியின் உயிரோடு சேர்ந்த பிரச்சினை.

இதற்குப் பழைய மருந்து என்ன தெரியுமா? உருளைக்கிழங்கு! 19ஆம் நூற்றாண்டில் அதைப் பொயிலருக்குள்ளேயே போட்டார்கள். கிழங்கின் மாப்பொருள் துணிக்கைகளைச் சுற்றிக்கொள்ளும். அவை கல்லாக இறுகாமல் சேறாகவே நிற்கும். மரப்பட்டையிலிருந்து எடுத்த தனினும் பயன்பட்டது. 1930களில் பொலிபொஸ்பேற்று வந்தது. மிகச் சிறிதளவே போட்டாலும் பளிங்குகள் வளராமல் தடுத்தது. பிறகு வந்தது பொலிஅக்ரிலேற்று. இது துணிக்கைகளில் ஒட்டி எல்லாவற்றுக்கும் எதிரேற்றம் கொடுக்கும். ஒரே முனையுள்ள காந்தங்கள் போல அவை ஒன்றையொன்று தள்ளி நிற்கும். மருந்து மாறியது, உருளைக்கிழங்கின் யோசனை மாறவில்லை.

நம் பக்கத்திலும் நீராவிக்கு வரலாறு உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வழியே வந்த ஹிங்குராண சீனித் தொழிற்சாலை, 1956இல் வந்த வாழைச்சேனைக் காகித ஆலை, உமி எரித்து நெல் அவிக்கும் நம் ஊர் மில்கள். நீராவி உள்ள இடமெல்லாம் பொருக்கும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரசாயனங்கள் அழுக்கை அழிப்பதில்லை, மிதக்க மட்டுமே வைக்கின்றன. மிதக்கும் சேற்றை அடிக்கடி வெளியே திறந்துவிட வேண்டும். எங்கே திறந்துவிடுவது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹின்க்லி என்றொரு சிற்றூர். அங்கிருந்த எரிவாயு நிலையம் 1952 முதல் 1966 வரை, குளிரூட்டும் கோபுரம் துருப்பிடிக்காமலிருக்க குரோமியம் கலந்தது. கழிவு நீரைத் தளம் போடாத குட்டைகளில் விட்டது. அது நிலத்தடி நீரில் இறங்கியது. 1996இல் 33 கோடி 30 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். குரோமியம் வேறு வகை மருந்துதான். ஆனால் பாடம் ஒன்றே: இயந்திரத்துக்கு நல்லது கிணற்றுக்கு நல்லதாக இருக்க வேண்டுமென்றில்லை. அதே 1996இல், மண்ணில் மக்கிப்போகும் பொலிஅஸ்பாற்றேற்று என்ற மாற்று மருந்துக்கு அமெரிக்காவின் பசுமை இரசாயன விருது கிடைத்தது. ஆக, வழி இருக்கிறது.

நாம் கடலுக்கும் வயலுக்கும் நடுவே மணலில் குடியிருக்கிறோம். மணலில் ஊற்றியது கிணற்றைத் தேடிப் போகும். மில்கள் நமக்குச் சோறு போடுகின்றன, அவற்றோடு நமக்குப் பகையில்லை. என்ன மருந்து கலக்கிறீர்கள், எங்கே திறந்துவிடுகிறீர்கள் என்று கேட்பதுதான் நம் உரிமை.

பொயிலரோடு காலம் கழித்த மூத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பொருக்கை எப்படி எடுத்தீர்கள், எதைக் கலந்தீர்கள் என்று சொல்லுங்கள். எழுதி வைப்போம், நம் பிள்ளைகளுக்கு உதவும்.