விலை தெரிவது பட்டறையில்

தருமபுரிக்கு அருகிலுள்ள அதியமான்கோட்டை என்றதும், அதியமான் ஔவையாருக்குக் கொடுத்த நெல்லிக்கனி எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கருவிகளின் வரலாற்றைத் தேடுகிறவருக்கு அந்தக் கனியைவிடப் பயன்படுவது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அதைப் பார்த்து அவர் பாடியது என்று பழைய குறிப்பு சொல்கிறது. ஒரு பக்கம் மயிற்பீலி சூட்டி நெய் பூசிக் காவலோடு வைத்திருக்கும் தொண்டைமானின் புதுக் கருவிகள். மறுபக்கம் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கும் அதியமானின் கருவிகள். புகழ்வதுபோல இகழும் இந்தப் பாட்டை அரசியல் நயத்துக்காகவே எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்குள் ஒரு பொருளாதாரச் செய்தியும் இருக்கிறது. உழைக்கிற கருவி உடையும். உடைந்தால் போய்ச் சேர ஒரு கொட்டில் இருக்கும். இரண்டையும் விளக்க வேண்டிய தேவையே இல்லாமல், கேட்பவருக்குத் தெரிந்ததாக வைத்துத்தான் பாட்டு நடக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு கருவி மலிவா இல்லையா என்பதைக் கடைவிலை ஒருநாளும் முடிவு செய்ததில்லை, பட்டறைதான் முடிவு செய்தது என்பது என் வாதம். பழுதான புல்வெட்டும் மெஷினை ஒரு கையிலும், பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புது மெஷினின் விளம்பரத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு இன்று யோசிக்கிற விவசாயிக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

தருமபுரியின் பழைய பெயரான தகடூரின் நாட்டுக்கு இரும்பு புதிதல்ல. முன்பு தருமபுரி மாவட்டத்திலும் 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருக்கிற மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகள், இரும்புப் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை கொண்டுபோவதாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. தெற்கே சேலத்துக் கஞ்சமலையின் காந்தக் கல்லை உள்ளூர் உலைகள் மரக்கரியில் உருக்கி வந்தன. அந்தக் கல்லை நம்பித்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை வைத்தார். காட்டை எரித்துக் கரியாக்கிக் கட்டுப்படியாகாமல், அவருக்குப் பின் வந்த கம்பெனியும் சில பத்தாண்டுகளில் மூடப்பட்டது. சீமையிலிருந்து மலிவான பட்டை இரும்பு கப்பலேறி வந்தது. 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு கரி சுடுவதும் எளிதாக இல்லை. ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆனால் உருக்கும் தொழில் போன பிறகும் அடிக்கும் தொழில் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரும்பு கப்பலில் வரலாம். மழுங்கின கொழுவைத் தட்டித் தர லிவர்பூலிலிருந்து யாரும் வரமாட்டார்கள். சீமை இரும்பு வந்தபோது அதையும், பின்னால் நெடுஞ்சாலையில் லாரி ஓடத் தொடங்கியபோது கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டையையும் துருத்தி அடுப்பில் காய்ச்சி, அரிவாளாக அடித்துத் துவைச்சல் போட்டுக் கொடுத்தான் கொல்லன். மூலப்பொருள் மாறிக்கொண்டே இருந்தது. பழுது பார்க்கிற இடம் மட்டும் நடந்து போகிற தூரத்திலேயே இருந்தது.

அந்த ஏற்பாட்டின் கணக்கைப் பார்த்தால்தான் வாதத்தின் மையம் புரியும். ஊர்க்கொல்லனுக்கு வேலைக்கு இவ்வளவு என்று கூலி கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் ஏருக்கு இவ்வளவு தானியம் என்று மேரை அளப்பார்கள். ஆண்டு முழுவதும் கொழு அடிப்பது, கருக்கரிவாளுக்குக் கருக்கு வெட்டுவது, களைக்கொத்துக்குக் காம்பு இறுக்குவது எல்லாம் அதில் அடக்கம். அரிவாள் நான்கு முறை வந்தாலும் நாற்பது முறை வந்தாலும் அளக்கிற தானியம் ஒன்றே. ஆகவே கருவி அடிக்கடி பட்டறைக்குத் திரும்பி வராமல் இருப்பதுதான் கொல்லனுக்கு லாபம். செய்கிறவனின் நலனும் வாங்குகிறவனின் நலனும் ஒரே திசையில் நின்றன. இன்றைய சந்தையில் அது தலைகீழ்: இரண்டு பருவத்தில் மெஷின் படுத்துவிட்டால் விற்றவருக்கு இன்னொரு விற்பனை. இதைச் சொன்னால், பழைய கிராமத்தை அலங்கரிக்கிறாய் என்ற மறுப்பு வரும். வர வேண்டியதுதான். மேரை முறை சாதியோடு பிணைந்தது. கொல்லன் தன் கூலியை உயர்த்தவும் முடியாது, பிடிக்காத ஊரை எளிதில் விட்டுப்போகவும் முடியாது. வானம் பார்த்த பூமியான இந்த வட்டாரத்தில் மழை பொய்த்த வருஷம் அவன் வீட்டு மொடாவும் காலி. அந்த முறை திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் அநியாயத்தைத் தள்ளிவிட்டாலும், பழுதுபார்ப்பின் செலவைக் கருவியின் விலைக்குள்ளேயே வைத்துப் பார்த்த அந்தக் கணக்கு சரியாகவே நிற்கிறது.

புல்வெட்டும் மெஷினே பழையதை மாற்றிப் பயன்படுத்தும் கைவேலையில் பிறந்ததுதான். 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தின் சுழலும் தூரிகைகளைப் பார்த்துத் தோன்றிய எண்ணத்தில், ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழலவிட்டுப் புல்லை வெட்டினார். இங்கே அது பரவலானதற்குக் காரணம் களையெடுக்க ஆள் கிடைக்காததுதான். மாந்தோப்புக்கு அடியிலும் வரப்பிலும் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கும்போது, தோளில் மாட்டிய ஒரு மெஷின் பல பேர் வேலையைச் செய்கிறது. இன்று மலிவு விலையில் வருகிற டூ ஸ்ட்ரோக் மெஷின்களில் பெரும்பாலானவை, பெட்டியின் மேல் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே ஓரிரண்டு சீன அச்சுகள்தான். என்ஜின் மேல் 1இ40எஃப் என்று இருந்தால் ஒற்றைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 40 மில்லிமீட்டர் துளை, காற்றில் குளிரும் வகை என்று பொருள். கொள்ளளவு ஏறத்தாழ 43 சிசி. 1இ44எஃப் என்றால் ஏறத்தாழ 52 சிசி. நகல் என்று முகம் சுளிக்கிற இந்தச் செய்திதான் ஏழை விவசாயிக்குப் பெரிய வரம். ஒரே அச்சு என்றால் ஒன்றின் கார்புரேட்டர், இக்னிஷன் காயில், பிஸ்டன், கிளட்ச் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆக, உடைந்ததைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்பவை தனித்தனிக் கேள்விகள் அல்ல. பழையதைத் திறந்து பார்த்தவருக்குத்தான் எந்தப் புதிதை வாங்குவது என்று தெரியும். பல மாதம் டேங்கில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசின்போலப் படிந்திருந்தால் அது அரைநாள் வேலை. இழுகயிறு அறுந்ததும் பிளக் கரி பிடித்ததும் அதைவிடச் சின்ன வேலை. ஆயில் கலக்காமல் ஓட்டிப் பிஸ்டன் இறுகிப்போனால்கூடச் சிலிண்டரும் பிஸ்டனும் செட்டாகக் கிடைக்கும். கிராங்க் கேஸ் விரிசல் விட்டிருந்தால்தான் என்ஜினைக் கைவிட வேண்டும். அப்போதும் அதே அச்சில் இன்னொன்றை வாங்கினால், பழையது உதிரிபாகப் பெட்டியாக மூலையில் இருக்கும்.

மெக்கானிக்கின் கூலியும் அலைச்சலும் சேர்த்தால் புதிதே மலிவு என்பார்கள். ஒரு தடவைக்கு மட்டும் கணக்குப் போட்டால் அப்படித்தான் தெரியும். ஆனால் புது மலிவு மெஷினிலும் இருப்பது அதே கார்புரேட்டர். அடுத்த பருவத்தில் அதுவும் அடைக்கும். பழுது நீக்கத் தெரியாமல் புதிது வாங்குகிறவர் அதே பழுதை மறுபடியும் காசு கொடுத்து வாங்குகிறார். உயர்ந்த கம்பெனியின் ஃபோர் ஸ்ட்ரோக் மெஷின் நெடுநாள் உழைக்குமே என்பது இன்னொரு மறுப்பு. உண்மை, ஆயிலைப் பெட்ரோலில் கலக்கிற தொல்லையும் அதில் இல்லை. ஆனால் அதன் பாகமும் அதைத் திறக்கத் தெரிந்த கையும் தருமபுரியிலேயே கிடைக்குமா, அல்லது பெங்களூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்பதைப் பொறுத்துத்தான் அந்த உயர்வுக்கு மதிப்பு. களை முற்றிய வாரத்தில் பார்சலில் கிடக்கிற நல்ல மெஷின், தொண்டைமானின் நெய் பூசிய வேலுக்கு அண்ணன். போர்ப்பாட்டைப் புல்வெட்டுவதற்கு இழுக்கலாமா என்று புலவர்கள் கேட்கக்கூடும். ஔவையார் விவசாயக் கணக்கு எழுத வரவில்லை என்பது சரிதான். ஆனால் ஒரு தலைவனின் வலிமைக்குச் சாட்சியாக அவர் காட்டியது அரண்மனைக் கிடங்கை அல்ல, கொல்லன் கொட்டிலை. அந்தக் கொட்டில் நாள்தோறும் இயங்காத நாட்டில் அப்படி ஒரு பாட்டு எடுபட்டிருக்காது.

பழுது பார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்க ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட துறைகளில் வேளாண் கருவிகளும் இருந்தன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் வேளாண் கருவிகளுக்கென்றே சட்டம் இயற்றிவிட்டது. இங்கே சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, புது மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பழையதை ஒருமுறை திறந்து பாருங்கள். என்ஜின் மேல் உள்ள எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்ப் பட்டறையில் அந்த எழுத்தைச் சொல்லி கார்புரேட்டர் டயாப்ரமும் பிஸ்டன் ரிங்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த எழுத்துள்ள புது மெஷினை வாங்காதீர்கள், என்ன தள்ளுபடி கொடுத்தாலும்.