முகவாதமும் அதன் எச்சங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. ஆயின், அகத்தில் இல்லாததை முகம் காட்டும் நிலையும் ஒன்றுண்டு. முகநரம்பு செயலிழப்பதால் ஒருபுறம் கண் மூடாமலும் வாய் கோணியும் நிற்பதை முகவாதம் என்பர். அந்நோய் தணிந்த பின்னரும் எஞ்சும் குறைகளை மருத்துவ உலகம் அறிந்த வரலாறே ஈண்டு நோக்கப்படுவது.

நோய் மிகப் பழையது. ஆயுள்வேத நூல்கள் இதனை அர்த்திதம் என்றன. பாரசீக மருத்துவ மேதை அல் றாசியும் இதனை எழுதிவைத்தார். ஜேர்மானிய மருத்துவர் பிரீட்றிக் 1798இல் நோயாளர் மூவரின் நிலையை விவரித்தார். எனினும், நோய்க்குத் தம் பெயரை ஈந்தவர் எடின்பரோவிற் பிறந்த சார்ள்ஸ் பெல் (1774–1842) ஆவர். ஓவியர் பொருட்டு முகபாவங்களின் உடற்கூற்றை 1806இல் நூலாக்கிய அவர், 1821இல் இலண்டன் றோயல் சங்கத்தில் வாசிக்கப்பெற்ற கட்டுரையில் முகபாவங்களை இயக்கும் நரம்பைத் தனியே பிரித்துக் காட்டினார். அதனைச் சுவாசத்தோடு இயைந்த நரம்பென அவர் கருதியது பின்னர் நிலைபெறவில்லை.

எச்சங்கள் தோன்றுவது எங்ஙனம்? சிதைந்த நரம்பிழைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளர்கின்றன. அவற்றுட் சில வழிதவறி வேறு தசையைச் சென்றடைகின்றன. ஆதலின், சிரிக்கையிற் கண் சுருங்கும். இமைக்கையில் வாய் துடிக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குரிய இழை கண்ணீர்ச் சுரப்பியை அடையின், உண்ணும்போது கண்ணீர் பெருகும். இரை உண்கையில் முதலை அழும் என்னும் பழங்கதையை ஒட்டி, இதனை முதலைக் கண்ணீர் என 1928இல் உருசிய மருத்துவர் பொகொறாட் பெயரிட்டார். நோயாளிக்கோ அது வஞ்சகக் கண்ணீரன்று. நரம்பு தன்னைச் செப்பஞ் செய்ய முயன்றதன் விளைவேயாம்.

கோபன்ஹேகனிற் பைற்றர்சன் 25 ஆண்டுகள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, மருந்தின்றி விடப்பட்ட 1,701 பேருள் 71 சதவீதத்தினர் முற்றாகத் தேறினர். ஏனையோரிடம் குறை எஞ்சியது. 2007இல் வெளியான ஸ்கொத்லாந்து ஆய்வில், 72 மணித்தியாலத்துள் பிறெட்னிசொலோன் பெறத் தொடங்கியோருள் 94.4 சதவீதத்தினர் ஒன்பது மாதத்திற் குணமடைந்தனர், பெறாதோருள் 81.6 சதவீதத்தினரே குணமடைந்தனர். ஆகவே, முதல் மூன்று நாள்களை வீணே கழித்தல் தகாது. தேறிய முகம் மீண்டும் சோர்வடையின், பழைய எச்சமென்று எண்ணியிராது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

எஞ்சிய குறைகளைத் தக்க முகப்பயிற்சியாலும் பொற்றுலினம் ஊசியாலும் இன்று ஓரளவு தணிக்கலாம். ஆனால், பாதிச் சிரிப்பை ஏளனமென்றும் உணவிடைக் கண்ணீரை நடிப்பென்றும் கொள்ளும் காண்போரின் பிழைக்கு மருந்து இல்லை. அறிவே அதனைத் தீர்த்தல் வேண்டும்.