உபேந்திர கிசோர் ராயும் ஹாப்டோன் பிளாக்கும்

திரைப்பட மேதை சத்யஜித் ராயை அறியாதவர் நம்முள் இலர். அவருடைய பாட்டனார் உபேந்திர கிசோர் ராயை அறிந்தவரோ மிகச் சிலர். 1863-இல் மைமன்சிங் மாவட்டத்தில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்த அப்பெரியார், குழந்தைகளுக்குக் கதை எழுதினார். அக்கதைகளுக்குத் தாமே சித்திரமும் தீட்டினார்.

அக்காலத்தில் ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்குபவர் வேறொருவர். ஓவியரின் மெல்லிய நிழலும் நளினமான கோடும் செதுக்குவோன் கையில் சிக்கி உருக்குலையும். சிறுவர்க்கென எழுதிய இராமாயணத்தில் தம் சித்திரங்கள் அவ்வாறு சிதைந்திருக்கக் கண்டு ராய் மனம் நொந்தார். செதுக்கியவரை ஏசி அவர் அமைந்துவிடவில்லை. தம் பொருளைச் செலவிட்டு இங்கிலாந்திலிருந்து காமிராவும் பிற கருவிகளும் வரவழைத்தார். நூல்களின் துணைகொண்டு ஹாப்டோன் முறையைத் தாமே பயின்றார். 1895-ஐ ஒட்டி அதுவே அவருடைய தொழிலாகவும் ஆயிற்று.

ஹாப்டோன் என்பது யாது? குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் இட்ட கண்ணாடித் திரையொன்றைக் காமிராவினுள் தகட்டுக்குச் சற்று முன்னே நிறுத்திப் படம் பிடிப்பர். படம் முழுதும் புள்ளிகளாகப் பிரியும். நிழல் செறிந்த இடத்தில் பருத்த புள்ளிகள். ஒளி மிகுந்த இடத்தில் ஊசிமுனைப் புள்ளிகள். அதனைச் செப்புத் தகட்டில் ஏற்றித் திராவகத்தால் அரிக்கச் செய்தால் புள்ளிகள் மட்டும் மேடாக நிற்கும். அவற்றில் மை தடவி அச்சிட, நம் கண் அப்புள்ளிகளை ஒன்றாக்கி நிழலாகக் காண்கிறது.

திரைக்கும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுவது? இங்கேதான் சூட்சுமம் இருந்தது. தொழிலாளர் அதனை அனுபவத்தால், உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் ஊகத்தால், அமைத்துவந்தனர். ராய் அதனைக் கணிதமாக்க முற்பட்டார். திரையின் நெருக்கம், லென்சின் துவாரம், காமிராவின் நீளம் ஆகியவற்றை ஆராய்ந்து, 1897-க்கும் 1912-க்கும் இடையே லண்டன் ‘பென்ரோஸ்’ ஆண்டுமலரில் பல கட்டுரைகள் வரைந்தார். அச்சுக்கலைக்குத் தாயகமெனத் தம்மைக் கருதியோர் கல்கத்தாவிலிருந்து வந்த பாடத்தைப் படித்தனர்! அவருடைய கதைகளை வங்காளிகள் கொண்டாடுவது தக்கதே. ஆயினும் இவ்விடைவெளிக் கணக்கை அவற்றினும் தாழ்ந்ததாக நாம் எண்ணவில்லை.

‘பிரவாசி’ இதழின் ஓவியங்களுக்கு அவருடைய நிறுவனமே பிளாக் செய்து கொடுத்தது. பிரவாசி என்றால் சொந்த ஊரைவிட்டு வெளியே வாழ்பவன் என்று பொருள். அலகாபாத்தில் வாழ்ந்த ராமானந்த சட்டர்ஜி 1901-இல் தொடங்கிய இதழ் அது. நம்மைப் போன்றவர்க்கு அப்பெயரே உறவாகத் தோன்றும்.

மகன் சுகுமார் 1911-இல் லண்டன் சென்று இக்கலையை முறைப்படி கற்றார். 1913-இல் ராய் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். எழுத்தும் சித்திரமும் பிளாக்கும் இப்போது ஒரே வீட்டுச் சரக்கு. 1915 டிசம்பரில் அவர் காலமானார்.

1921-இல் பிறந்த சத்யஜித் பாட்டனாரைக் கண்டதில்லை. அவர் பிறந்த கர்பார் சாலை 100-ஆம் எண் வீட்டிலேயே அச்சுக்கூடமும் இயங்கியது. டர்ப்பெண்டைன் வாசனை எங்கே வீசினாலும் அங்கிருந்த பிளாக் அறை தம் நினைவுக்கு வரும் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.